ரஹ்மத் ஆட்டிக் காட்டிய தட்டு

ஆலங்குளத்தில் நான் கல்லூரிப் பேருந்து ஏறிய கையோடு ரஹ்மத்தின் தம்பி போன் செய்தான். "டீச்சர், ராத்தா மவுத்தாயிட்டா" என்றான். அவள் இறந்த செய்தி கேட்டுப் பேருந்தே அழுதது. நானும் அழுதேன். ஆனால் "அவள மாதிரி யாரு வருவா?" என்று ஒருத்தி சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. செத்த பிறகுமா? அவளை அறிந்த உங்களிடம் என் பொறாமையை மறைப்பானேன்? அவளுக்கே தெரிந்த விஷயம்தான்.

தென்காசியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியைகளான ரஹ்மத்துக்கும் எனக்கும் ஒரே மைக்ராஸ்கோப். ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளியளவு உண்டாக்கிக் குழாயை விரியச் சொல்லும். தோன்றிய சில நொடிகளில் அது மறைந்துவிடும். அந்த வாயு பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தை, தட்டில் வளர்த்த அந்த உயிருள்ள செல்களுக்குள் ஏற்றி, வெளிச்சத்தை அளப்போம்.

ஒருமுறை மூலிகைச் சாறு ஒன்றை ஊற்றியதும் என் தட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து கண்டுவிட்டேன் என்று முதல்வர் அறைவரை பேச்சு. ரஹ்மத் மட்டும் கைகொடுக்கவில்லை.

"ஏட்டி, சாறு கலக்கதுக்குத் தட்ட ஆட்டுனியா?"

"ஆட்டாம எப்படிக் கலக்கும்?"

அவள் இன்னொரு தட்டில் சாறே இல்லாத வெறும் திரவத்தை விட்டு, என்னைப் போலவே ஆட்டினாள். அதுவும் அதே அளவு ஒளிர்ந்தது.

"ரத்தம் ஒரசிக்கிட்டு ஓடுனா இது வாயு விடும்லா? நீ ஆட்டுனதுக்கு விட்டிருக்கு. உசுருள்ளது, தொட்டா சும்மா இருக்குமா?"

என் மருந்து அங்கேயே முடிந்தது. பல நாள் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு என் மேசையில் டீ வைத்துவிட்டுப் போவாள். அது இன்னும் எரிச்சல்.

அடுத்த சாரல் பருவத்தில் நாங்கள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். அவள் வரவில்லை. துண்டோடு வரிசையில் நிற்கும்போது அவளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. தட்டை அசைக்காமல் சொட்டுச் சொட்டாக அதே வெறும் திரவத்தை விட்டு எடுத்தது, மங்கலான பச்சை. வாயு உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது அந்தப் பச்சையும் எழவில்லையாம். "ஆட்டாம விட்டா செல்லு தானா விடுகது இம்புட்டுத்தான். இதான் நெசம்" என்று எழுதியிருந்தாள். அருவியில் நின்றும் எனக்கு வயிறு எரிந்தது. அதை நான்தான் செய்திருக்க வேண்டும்.

அவள் நோயில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். "இனி மைக்ராஸ்கோப் முழுசும் ஒனக்குத்தான், சந்தோஷமா?" என்று சிரித்தாள். "ஆமாட்டி" என்றேன். இருவரும் சிரித்தோம். வெளியே வந்து அழுதேன்.

இப்போது மைக்ராஸ்கோப் எனக்குத்தான். நல்ல முடிவு வந்தால் உடனே சந்தோஷப்பட முடியவில்லை. எங்கே தப்பு என்று தேடுகிறேன். பிள்ளைகள், "ரஹ்மத் மிஸ் மாதிரியே கேக்கிய" என்கிறார்கள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம். பொறாமையும் துளி குறையவில்லை. படுவதற்குத்தான் ஆள் இல்லை.