பின்னால் ஓடிய தையல் மிஷின்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கண்டக்டர், திருவேங்கடம் போகிற பஸ்ஸில் டூட்டி. அண்ணனுக்கு சைக்கிள் கடையில் வேலை. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் வற்றல் காய்ந்த ஒரு மதியம், திடீரென்று மழை இறங்கியது. அள்ளிக்கொண்டு வர ஓடிய அம்மா, மாடிப்படியில் வழுக்கி முதுகு அடிபட விழுந்தாள். வற்றல் தட்டை விடாமல் பிடித்திருந்தாள். ஆனால் எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை என்றாள்.

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். தண்டுவடம் அறுந்து போகவில்லை, நசுங்கியிருக்கிறது, கால் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், ஒரே பக்கமாகப் படுக்கவிட்டுப் புண் வரவைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். புரட்டிப் படுக்க வைப்பது அப்பாவும் அண்ணனும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நான். அப்பா அம்மாவைத் தூக்கும்போது பழக்கதோஷத்தில் "ரைட், ரைட்" என்பார். "நான் என்ன உங்க பஸ்ஸா?" என்று அம்மா சீறுவாள். உடம்புதான் படுத்திருந்ததே தவிர, அவள் வாய் ஒருநாளும் படுக்கவில்லை.

ஆனால் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்க நெருங்க அந்த வாயும் ஓயத் தொடங்கியது. தபசுக்குப் புது ஜாக்கெட் கேட்டு வந்தவர்கள் வாசலிலேயே விசாரித்துவிட்டுத் துணியோடு திரும்பிப் போனார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இவள் இப்படியே படுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள் அவளே, "என்னயத் தூக்கி மிஷின்கிட்ட உக்கார வைங்க" என்றாள். கை வைத்த நாற்காலி ஒன்றுக்கு அண்ணன் மெத்தை போட்டான். அம்மாவை உட்காரவைத்து, விழாமலிருக்க பழைய சேலையால் இடுப்போடு கட்டினோம். பாதம் இரண்டையும் மிஷினின் மிதிமேல் வைத்து, துணி சுற்றி, ரிப்பனால் தளர்வாகக் கட்டினேன். நான் பக்கத்தில் நின்று கைச்சக்கரத்தைச் சுற்றுவேன். மேலே ஊசி ஓடும். கீழே மிதி ஆடும். அதோடு அம்மாவின் பாதங்களும் ஏறி இறங்கும். அவள் கை துணியைத் தள்ளும். டாக்டர் சொன்ன பயிற்சியும் ஆச்சு, ஜாக்கெட்டும் ஆச்சு!

ஒரே ஒரு தொல்லைதான். அந்தச் சக்கரத்தை முன்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கொஞ்சம் பின்னால் போனாலும் நூல் சிக்கி அறுந்துவிடும். மிஷின் பழகுகிற எல்லாரும் முதலில் செய்கிற தப்பு அது. நானும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மாவின் கைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து, மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க ஒரு அக்கா வந்திருந்தார். அரக்குப் பட்டுத்துணி. கடை லீவு என்று அண்ணனும் அன்றைக்கு வீட்டில் இருந்தான். பாதித் தையலில் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சக்கரத்தை விட்டுவிட்டு, செம்பில் மொண்டுகொண்டு போய் அவரிடம் நீட்டினேன். மிஷின் பக்கம் 'பட்' என்று சத்தம் கேட்டது. நூல் அறுந்துவிட்டது.

அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஏட்டி, பின்னால சுத்தாத, சுத்தாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? பட்டுத்துணி நாசமாப் போச்சே!"

"நான் தொடவே இல்லம்மா!"

"பொய் வேற சொல்லுதியா?"

"மதினி, பிள்ளையத் திட்டாதிய" என்றார் அந்த அக்கா. "அவ இங்கனல்லா நிக்கா. இந்தா, செம்பக்கூட இன்னும் விடல."

அம்மாவின் கை நின்றது. மெதுவாகச் சேலையை ஒதுக்கித் தன் பாதங்களைப் பார்த்தாள். அண்ணன், காலின் பாரத்தில் மிதி இறங்கியிருக்கும் என்று மெல்லச் சொன்னான். அம்மா அவனை முறைத்துவிட்டு, ரிப்பனை அவிழ்க்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

மிதி அசைந்தது. சக்கரம் சுற்றியது. பின்பக்கமாக!

"ஊர்ல பாதிப்பேருக்கு மிஷின் படிச்சுக் குடுத்தவ நான்" என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "நானே பின்னால விடுதேன் பாரேன்!" சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நானும் அண்ணனும் அழுதோம். பட்டுத்துணி கெட்டுப்போன அந்த அக்காவும் எங்களோடு உட்கார்ந்து அழுதார்.

அந்த நேரம் பார்த்து அப்பா டூட்டி முடிந்து, தோளில் பையோடு வந்து வாசலில் நின்றார். நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"மிஷினப் பின்னால ஓட்டிட்டேன். நூல் அந்துபோச்சு" என்றாள் அம்மா விக்கிக்கொண்டே.

"சவம், இதுக்கா இந்த அழுகை? இருங்க, புது நூல்கண்டு வாங்கிட்டு வாரேன்" என்று அவர் திரும்பி நடந்தார். தெருவில் நாலு வீடு தாண்டியிருப்பார். சட்டென்று நின்றார். 'ஓட்டிட்டேன்' என்று அவள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம் கிடக்க ஓடிவந்து, மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறமும் ரொம்பப் பாடுபட்டோம். அடுத்த ஆடித்தபசுக்கு அம்மா கம்பை ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, தேரடி வரைக்கும் நடந்தே வந்தாள். மிஷினைத் தன் காலாலேயே மிதித்தாள். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள்.

இன்றைக்கும் நோயில் கிடந்து எழுந்த யாராவது ஒரு தம்ளரைக் கவிழ்த்தாலோ, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டாலோ, சுற்றியிருப்பவர்கள் உச்சுக்கொட்டும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பிவிடுகிறது. அந்தத் தப்பை அவர்கள் தாங்களாகவே அல்லவா செய்திருக்கிறார்கள்!