சாவிக்காரன் வீட்டுக்குக் கேமரா வந்தது

எங்கள் தெருவில் எனக்குச் சாவிக்காரர் என்றுதான் பெயர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் கடை. நான் உள்ளே நின்றால் வாடிக்கையாளர் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை! பூட்டு ரிப்பேர், டூப்ளிகேட் சாவி, சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கு வீட்டுக்கே போய்த் திறந்து கொடுப்பது. இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் சாவி என் அரத்தில் தேய்ந்து வந்ததுதான். அப்பேர்ப்பட்ட என் வீட்டு வாசலில் கழற்றி வைத்த புது ஷூவை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து டீக்கடையில் அதற்கப்புறம் வேறு பேச்சே கிடையாது. "ஷூவுக்கும் ஒரு பூட்டு போட்டிருக்கலாமே அண்ணே?" என்று கேட்ட பேப்பர்காரனுக்கு என் ஆயுசில் இனிச் சாவி போட்டுக் கொடுக்க மாட்டேன்.

மானம் போன வேகத்தில் போனை எடுத்து, வெளிநாட்டிலிருந்து ஒரு கேமரா செட்டுக்கு ஆர்டர் போட்டேன். உள்ளூரிலும் கிடைக்கும். ஆனால் உள்ளூர்க் கடைக்காரன் நாளைக்கே டீக்கடையில் சொல்லிவிடுவான். தவிர, கடல் தாண்டி வருகிற பொருள் என்றால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரியாதை.

பெட்டி வந்தது. ஷூ தொலைந்ததற்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியே வந்ததுபோல அவ்வளவு அட்டை, அவ்வளவு தெர்மாக்கோல். அதற்கு நடுவில் முட்டை மாதிரி இரண்டு கேமரா. கூடவே ஒரு புத்தகம். அதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்து இல்லை.

"ஆளைக் கூப்பிட்டு மாட்டிக்கலாம்ங்க," என்றாள் என் மனைவி. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். ஆளைப் பார்த்ததுமே யாருக்கு வலி, யாருக்கு நடிப்பு என்று சொல்லிவிடுவாள்.

"எத்தனை வருஷமா பூட்டைப் பிரிச்சு மாட்டுறேன். இது ஒரு பெரிய வித்தையா?" என்றேன்.

அவள் தம்பியைக் கூப்பிட்டேன். என் மச்சினன் பெயின்டர். சொந்தமாக ஏணி வைத்திருக்கிறவன், அதைவிட முக்கியமாக, ஏணியைப் பிடிக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசாமல் பிடிக்கிறவன். பக்கத்தில் வேலை நடந்தால் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்போம் என்பதால், அவனுக்கென்று நானே ஒரு சாவி போட்டுக் கொடுத்திருந்தேன். என் அக்கா தங்கைக்குக்கூட அப்படி ஒன்று கொடுத்ததில்லை.

ஒரு கேமராவை வாசல் கதவுக்கு மேலேயும் இன்னொன்றை மாடிப்படியிலும் மாட்டினேன். எங்கள் வீடு மாடியில். ஏறி வருகிற படிக்கு ஜன்னலே கிடையாது, நடுப்பகலிலும் குகை. போனில் ஏதேதோ கேட்டது. ஊர்ப் பெயர்கள் போல ஒரு வரிசை வந்தது. எல்லாம் அந்தப் புரியாத எழுத்து. முதலில் இருந்ததை அமுக்கினேன்.

"மாமா, அதுல மணி சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க," என்றான் கீழே ஏணியைப் பிடித்தபடி.

"அதெல்லாம் தானா புடிச்சிக்கும். நீ ஏணியப் புடி!"

கீழே இறங்கினேன். உடனே கேமரா ஒரு பெண் குரலில் ஏதோ சொன்னது. ஆள் தென்பட்டால் பேசுமாம். அது வாங்க என்கிறதா, ஓடிப் போ என்கிறதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த அட்டை, தெர்மாக்கோல் எல்லாத்தையும் ஒருநாள் கொண்டுபோய்க் கொட்டிடு மாப்ள," என்று சொல்லிவிட்டு, முழம் நீளத்துக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் கூட்டமில்லை. போனைத் திறந்தேன். மேலே இருந்த முதல் படத்தை அமுக்கினேன்.

கறுப்பு வெள்ளையில் எங்கள் மாடிப்படி. என் மச்சினன் முதுகில் ஒரு மூட்டையோடு மெதுவாக இறங்குகிறான். ஓரத்தில் மணி, இரவு இரண்டு!

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இது தெரிந்த பயல், நானே கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு! கீழே இன்னொரு படமும் இருந்தது. ஆத்திரத்தில் அதைத் திறக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து பீரோவைக் குடைந்தேன். நகை இருந்தது. பட்டுப்புடவை இருந்தது. ஒன்றுமே குறையவில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே நின்றிருப்பான். நானோ, எதுவும் தொலையாத திருட்டுக்குத் திருடனைப் பிடித்தே தீருவேன் என்று போன் போட்டு வரவழைத்தேன்.

வந்தவன் கையில் பெயின்ட்கூடக் காயவில்லை. படத்தைக் காட்டினேன். "மூட்டையில என்னடா?"

"நீங்க கொட்டச் சொன்ன அட்டை மாமா. மத்தியானம் சாப்பிட வந்தேன், போகும்போது எடுத்துட்டுப் போனேன்."

"மணியப் பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு எவன்டா குப்பை கொட்டுவான்?"

"ராத்திரியா? நான் பகல்லதான் வந்தேன் மாமா."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? வெளிநாட்டு மெஷின்டா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்!"

அவன் என்னையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இனிமே அது சொல்றதையே கேட்டுக்கோங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏணியைக்கூட எடுக்கவில்லை.

என் மனைவி வந்து மேசையில் சாவியைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்குக் கூடப்பிறந்தவன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்தது, அதுவும் கொஞ்சம் சத்தமாக. மத்தியானத்துக்கு அவனுக்கென்று எடுத்து வைக்கிற பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது. அதைப் பார்க்காத மாதிரி தட்டை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு வீம்பு.

இரண்டு நாள் கழித்துக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்குத் திறக்காத அந்த இன்னொரு படத்தைத் திறந்தேன். இரவு பதினொரு மணி. ஒருவன் படியில் இறங்குகிறான். பின்மண்டையில் நல்ல சொட்டை. கையில் என் சாப்பாட்டுப் பை. உடம்பில் என் கட்டம் போட்ட சட்டை.

"அடப்பாவி! யார்ரா இந்தச் சொட்டையன், என் சட்டையப் போட்டுக்கிட்டு!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அவன் கடைசிப் படியில் நின்று திரும்பி, கேமராவைப் பார்த்துப் பெருமையாக மீசையைத் தடவினான்.

நான்தான். காலையில் ஒன்பதரை மணிக்குக் கடைக்குக் கிளம்பிய நான். அந்த இயந்திரம் நான் புரியாமல் அமுக்கிய ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. என் காலை அதற்கு இரவு. என் மச்சினனின் மத்தியானம் அதற்கு நடுச்சாமம். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது காதில் வந்து அறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூட்டு வாங்க வந்த அம்மாள், "அரத்தூள் கண்ணுல விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவனுக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் போனே கத்தியது. திரையில் எங்கள் வாசல். அவன்தான். ஏணியை எடுக்க வந்திருக்கிறான். கையில் சாவி இல்லாததால் அந்நியன் மாதிரி பெல்லை அடித்துவிட்டு நிற்கிறான். நேரில் சொல்லத் தைரியம் இல்லாத எனக்கு வாய்ப்பாக, பேசுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அமுக்கினேன்.

"மாப்ள, நான்தான். தப்பு என் மேலதான். மணி தப்பு. என்னை மன்னிச்சுடுடா."

அவன் நிமிர்ந்து கேமராவை உற்றுப் பார்த்தான்.

"என் மூஞ்சிய மட்டும் புடிச்சு வச்சிருக்கீங்க. உங்க மூஞ்சி எங்க மாமா? திருடன்னு நேர்லதானே சொன்னீங்க?"

கடையைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. மூச்சிரைக்க மாடியேறியபோது அவன் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக என் பாக்கெட்டிலேயே கிடந்த அவனுடைய சாவியை நீட்டி, "முட்டாப்பய நான், வாங்கிக்கோடா," என்றேன். கேமராக்காரி அவள் பங்குக்கு ஏதோ சொன்னாள். அவன் வாங்கவில்லை.

"அக்கா வரட்டும். அவ முன்னாடி சொல்லுங்க."

அவள் வந்தாள். அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன், சொட்டை உட்பட. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சாவியை வாங்கித் தம்பியின் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள். அவன் தடுக்கவில்லை. பிறகு என் பக்கம் மறுபடி கையை நீட்டினாள்.

"உங்க சாவியக் குடுங்க."

"என்னுதா? எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க. இந்த வீட்டுல யாரை நம்பணும்னு உங்களுக்குத் தெரியிற வரைக்கும் பெல் அடிச்சிட்டு வாங்க."

மச்சினன் மறுபடி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். மணியையும் அவன்தான் சரி செய்தான். நான் ஏணியைப் பிடித்தேன். நானோ தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசலில் பெல்லை அடித்துவிட்டு, மூஞ்சியைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். உள்ளே போனில் என்னைப் பார்த்துவிட்டு, அவளுக்கு மனசு வந்தால் கதவு திறக்கும். ஊர் முழுக்கச் சாவி போட்டுக் கொடுக்கிறேன். என் வீட்டுக்கு ஒன்று போட்டுக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை.