ஜப்பான்காரன் தங்கச்சி

என் அம்மாவுக்கு லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பட்டப்பெயர்கள். வெள்ளைக்காரன் பொண்டாட்டி, ஜப்பான்காரன் தங்கச்சி. இரண்டையும் யாரும் ஆசையாக வைக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், குடத்தை வைப்பதற்குள் எவளாவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவாள். அம்மா குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருச்சிப் பக்கம் போன அப்பா, அங்கே வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, அதற்கு முன்பே மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும், வெள்ளைக்காரனை இந்தியாவை விட்டு விரட்டப்போகிறோம் என்று கிளம்பிய படையில் சேர்ந்து அவரும் பர்மாவுக்கே போனார். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் உயிரோடு திரும்பி, இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பிராவில் குடியிருந்தார்கள். விதியைச் சொல்வதா, காம்பிரா ஒதுக்கிய தோட்டத்து ஆபீசைச் சொல்வதா?

நடுச்சுவர் கூரை வரைகூட எட்டாது. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது.

"அந்த ஆளுகிட்ட சொல்லு, கோழி நம்ம பக்கம் வருதுன்னு" என்பார் அப்பா.

அம்மா வாயெடுப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் வரும். "கேட்டுச்சுன்னு சொல்லு."

அப்பாவுக்கு மாமா துரோகி. மாமாவுக்கு அப்பா கைக்கூலி. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆளுக்கொரு கோடியில் நிற்பார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் பட்டாளத்தில் இருந்து வந்தவன்தான். அப்பாவைப் பார்த்து மட்டும் லேசாகத் தலையசைப்பான். அந்த ஒரு தலையாட்டலிலேயே அப்பாவுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும். எங்களுக்குத்தான் நிறையாது.

இந்த லட்சணத்தில், ஒரு தை மாதக் குளிரில் நான் பெரிய மனுஷியானேன். பச்சைக் கொப்பும் புல்லும் கொண்டு வந்து தாய்மாமன் குச்சு கட்ட வேண்டும், பெண் அதற்குள் உட்கார வேண்டும். குச்சு இல்லாமல் சடங்கு இல்லை. சடங்கு முடியாமல் பெண் வீட்டுக்குள் வர முடியாது.

"அந்த ஆளு கட்டுற குச்சுல எம்பொண்ணு ஒக்கார மாட்டா" என்றார் அப்பா.

"மாமன் உசுரோட இருக்கையில வேற யாரு வந்து கட்டுவாங்க? நாலு பேரு என்னங்க பேசுவாங்க?" என்றாள் அம்மா. அப்பா எழுந்து போய்விட்டார்.

காம்பிராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையின் மூலையில், சாக்கைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். பனிக்காற்று சாக்குக்குள் புகுந்து வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவனோ எவனோடோ போட்ட சண்டைக்கு நான் ஏன் விறைத்துச் சாக வேண்டும்?

அந்த வாரம்தான் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நுவரெலியாவுக்குப் போனார். ராஜாவுக்காகச் சண்டை போட்டவனை இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்று பட்டாளத்தில் கொடுத்த பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவர் உள்ளே போகாமல் என் சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையில் பதக்கத்தைக் காணோம்.

"சண்ட போட்டியான்னு கேக்கவே இல்லடி" என்றார் அம்மாவிடம். "ஒங்கப்பன் எங்க பொறந்தான்னுதான் கேட்டாங்க. இந்தியாவுலன்னேன். அப்ப ஒனக்கு இங்க என்னன்னுட்டாங்க."

பக்கத்து இஸ்தோப்பில் மாமா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார். "என்னயும் அதத்தான் கேட்டாங்கன்னு சொல்லு."

அம்மா யாருக்கும் எதையும் சொல்லவில்லை. கடைசியில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"மானாப்புல்லு பனியில நனஞ்சு கெடக்கும். வெயில் ஏறுனதும் அறுக்கச் சொல்லு."

மறுநாள் ஒருவர் புல் அறுத்தார், மற்றவர் மூங்கில் வெட்டினார். ஒருவர் பிடித்தார், ஒருவர் கட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை. கட்டி முடித்ததைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குச்சு இடுப்புயரம்கூட இல்லை. ஒரு பக்கம் சரிந்து, மேலெல்லாம் கொப்பு மூடி, வாசல் பாதையைப் பார்க்காமல் புதரைப் பார்த்து இருந்தது.

"என்னா இது, பொண்ணு ஒக்காரவா, ஒளிஞ்சிருக்கவா?"

பர்மாவில் இரண்டு பட்டாளத்தாரும் மழைக்கு அப்படித்தான் கட்டிப் படுத்தார்களாம். பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். உள்ளே குளிரவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

சடங்கன்று மாமா மாலை போட்டார். எனக்குத் தண்ணீர் ஊற்றி, புதுச்சேலை கட்டி வாசலுக்கு அழைத்து வந்ததும், வழக்கப்படி குச்சைப் பிரித்துக் கொளுத்தினார்கள். புல் எரிந்து தீ மூங்கிலைப் பிடித்தது. பச்சை மூங்கிலின் கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தார்கள். குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தார்கள்.

லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. நெருப்பைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் நடுவில் குந்தினாள்.

"எந்திரிங்க. மூங்கிதான் வெடிக்குது. சண்டையெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

மாமாதான் முதலில் தலையைத் தூக்கினார். அம்மாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

"மாப்ள, அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல மச்சான்" என்றார் அப்பா. "ஒங்களுக்கு?"