ரசம் சொட்டிய உத்திரம்

சட்டைத் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்த விரலை முகர்ந்தேன்... ரசம் வாசனை.

நிமிர்ந்து பார்த்தேன்.

திண்டிவனத்தில் ஏகாம்பரத்தின் கல்யாண மண்டபம் அது. கீழே மணமேடை, மாடியில் சாப்பாட்டுக் கூடம். கீழே நடுவில் நின்ற தூண் மேடையை மறைக்கிறது, போட்டோ எடுக்க முடியவில்லை என்று எல்லோரும் குறை சொன்னார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு இரும்பு உத்திரம் போட முடிவு செய்தார் ஏகாம்பரம். விழுப்புரத்தில் என் சின்ன ஆபீஸில் உட்கார்ந்து அந்த உத்திரத்துக்குக் கணக்குப் போட்டவன் நான். போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

நம் ஊர்ப் பந்தியில், சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் இடம் பிடித்து நிற்பார் இல்லையா? நிற்கிற அந்தக் கூட்டத்தின் எடையையும் சேர்த்துத்தான் போட்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் அங்கே நடந்த முதல் கல்யாணம், ஏகாம்பரத்தின் சொந்த மகளுடையது.

நிமிர்ந்தபோது என் உத்திரத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. கேஸ் வைத்து வெட்டிய, கரடுமுரடான பெரிய ஓட்டை. மாடியில் கை கழுவிய தண்ணீர் வெளியேறும் குழாய் அதன் வழியாகப் போனது. சுவரிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

இந்தத் துறை தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இரும்பு உத்திரத்தில் மேலும் கீழும் படுத்திருக்கும் தகடுகள் வளைவைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தகடு, பாரம் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டு விசையைத் தாங்கும்; ஓட்டை இருந்தது அதில்தான். வளைவு உத்திரத்தின் மத்தியில் அதிகம், வெட்டு விசை சுவரோரத்தில் அதிகம். இதே ஓட்டை மத்தியில் இருந்திருந்தால் நான் பேசாமல் சாப்பிடப் போயிருப்பேன். மத்தியில் பலம் போதாவிட்டால் உத்திரம் முதலில் தொய்ந்து காட்டும். ஓரத்தில் தகடு மடங்கினால் அந்த அவகாசம் கிடைக்காது...

ஏகாம்பரத்தை ஓரமாக அழைத்து வந்து காட்டினேன்.

"யாருங்க இந்த ஓட்டை போட்டது?"

"நான்தான் சார் போடச் சொன்னேன். பைப்பு போக வேற வழியில்ல. இரும்பு சார் இது... மல்லாட்டை ஓடா, புட்டுக்கினு போறதுக்கு?" மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.

"மேல போற ஜனத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தணுங்க."

"சம்பந்தி வூட்டு ஜனம் சார் போய்க்கினு இருக்குது! சாப்பாட்டுக்குப் போறவங்கள நிறுத்தினா பொண்ண இங்கியே வுட்டுட்டுப் போயிடுவாங்க."

எனக்கும் சந்தேகம்தான். தாங்கிவிடுமோ? மனதுக்குள் கணக்குப் போட்டேன். தாங்கும் என்று வந்தது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வைத்துப் போட்டால் தாங்காது என்று வந்தது. கீழே நின்றுகொண்டு கண்ணால் எவ்வளவு அளக்க முடியும்?

"பொண்ணு எங்கங்க இப்போ?" என்றேன்.

"மேலதான்... மாப்பிள்ளையோட இலையில உக்காந்திருக்குது."

சொல்லிவிட்டு அவரே ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"பந்தல்காரரே! ஜல்தி வாங்க!"

பந்தலுக்கு வந்து மீதியிருந்த சவுக்குக் கம்பங்களை அறுத்து, ஓட்டையைத் தாண்டி உள்பக்கமாக உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அப்படி நிறுத்தினால் பாரம் ஓட்டைக்கு வருமுன்பே கம்பங்கள் வழியாகத் தரைக்குப் போய்விடும். மேலே இருப்பவர்களை இறக்க வேண்டாம் என்றேன். காரணம் தெரிந்தால் அத்தனை பேரும் ஒரே படியில் முட்டிமோதுவார்கள். இதுவரை ஏறிய எடையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் ஏறாமல் இருந்தால் போதும்.

அதற்கு யாராவது படியில் நிற்க வேண்டும். ஏகாம்பரம் நின்றால் சம்பந்தி வீட்டில் சண்டை வரும்.

நான் நின்றேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"கொஞ்சம் இருங்க... பந்தி முடியட்டுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்தார். "யாருய்யா நீ? பொண்ணு வூடா?"

"இல்லீங்க. என்ஜினியருங்க."

"சோறு துன்றதுக்கு எதுக்குய்யா என்ஜினியரு?"

பின்னாலிருந்து சிரிப்பு. "சாம்பார் தீந்துபோச்சு போல, அதான் ஆளை நிறுத்தி வெச்சிருக்காங்க!" என்றது ஒரு குரல். "கேப்பைக் கூழுன்னாலும் சீக்கிரம் ஊத்துங்கப்பா!" என்றது இன்னொன்று. பெரியப்பாவின் கை என் தோளில் விழுந்து தள்ளியது. நான் நகரவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், கால் மரத்துப்போயிருந்தது.

காது மட்டும் பின்னால் இருந்தது. கம்பத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே பந்தல்காரர் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். டொக்... டொக்... முட்டு இன்னும் இறுகவில்லை. மாடியில் நாற்காலிகளை ஒரே நேரத்தில் பின்னுக்கு இழுக்கும் சத்தம். பந்தி எழுந்துவிட்டது. எல்லோரும் கை கழுவ அந்த ஓரத்துக்குத்தான் போவார்கள்...

ஆப்பின் சத்தம் மாறியது. கெட்டியாக, கணீரென்று.

"சார்! ஏறிடுச்சு சார்!" என்று பந்தல்காரர் கத்தினார்.

"போங்க, போய்ச் சாப்பிடுங்க" என்று விலகி நின்றேன். பெரியப்பா என்னை முறைத்துக்கொண்டே ஏறினார்.

கல்யாணம் முடிந்த பிறகு ஏகாம்பரம் குழாயை வேறு வழியாகத் திருப்பினார். ஓட்டையின் இரண்டு பக்கமும் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்தோம். சம்பந்தி வீட்டாரிடம் அவரும் காரணம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முட்டில்லாமல் அந்த உத்திரம் நின்றிருக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். இப்போது ஏசி, ஃபால்ஸ் சீலிங். நிமிர்ந்து பார்த்தால் பூ வேலைதான் தெரிகிறது, உத்திரம் தெரியவில்லை. பஃபே வந்துவிட்டதால் நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. கணக்கையும் இப்போது கம்ப்யூட்டர் போட்டு, சரி என்று பச்சை காட்டிவிடுகிறது. நல்லதுதான்... எனக்கு மட்டும் அந்தப் பச்சையைப் பார்த்தால் தூக்கம் வராது.

பக்கத்தில் தட்டோடு நின்றவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க சித்தப்பா கல்யாணம் இங்கதான் நடந்துச்சுங்க. எவனோ ஒரு பைத்தியக்காரன் படிய மறிச்சிக்கினு யாரையும் சாப்புட வுடல."

"அப்புறம் என்ன ஆச்சுங்க?"

"என்ன ஆவும்? ஒண்ணும் ஆவல. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போனோம்."

ஒண்ணும் ஆவல.

திரும்பப் போய் இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.