சாம்பிளுக்கு ஒரு கை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் அந்த மிளகுக் கடை வெள்ளைக்காரன் காலத்தது. முதலாளிக்கு நெற்றி நிறையத் திருநீறு. ஒரு டின்னைத் திறந்து, "மென்னு பாருங்க" என்று எனக்கு நாலு மிளகு தந்தார். வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போது மாரமங்கலம் மலைக்கிராமத்து அம்மா ஒருவர் மிளகு மூட்டையை விற்கக் கொண்டுவந்தார். தரம் பார்க்கிற சாக்கில் முதலாளி ஒரு கை அள்ளி, முகர்ந்து, அதே டின்னில் போட்டுக்கொண்டார். மறுபடியும் அள்ளினார். பிறகுதான் எடை.

அந்த அம்மா போனதும், "அள்ளினதை எடைக்கு முன்னாடி மூட்டையில திருப்பிப் போட மாட்டீங்களா?" என்றேன்.

"ஏனுங்க, அது சாம்பிளுங்க! இந்த ஊடே சாம்பிள்ல கட்டுனதுங்க. கடை வெச்ச எங்க முப்பாட்டனுக்குக் கை நொம்பப் பெருசுங்க."

சுவரில் முப்பாட்டன் படம். நெற்றியை விட்டுவிட்டு, அந்தக் கைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

தெருவுக்கு வந்து வாயிலிருந்ததைத் துப்பினேன். மலை இறங்கியும் காரம் போகவில்லை.