குத்தாலத்துக்குச் சம்பந்தம் பேசப் போனது

சட்டைய ஏன் கழட்டுனன்னு வாசுதேவநல்லூர்ல உக்காந்துகிட்டு சீறுத, மச்சான். அருவியில சட்டையோட நிக்கவன எங்கனயாவது பாத்திருக்கியா? தீவாளிக்குத் தீவாளி குளிக்கவன் நீ, ஒனக்கு என்ன தெரியும்?

குத்தாலத்துக்குப் போவப் போறவங்களும் கேட்டுக்கிடுங்க. போன ஆடி மொத வெள்ளி. ஜெர்மன்காரன் சண்ட முடிஞ்சு பதினாறு வருசம் ஆச்சு, எம் மவ கோமதிக்குப் பதினேழு. ஆலங்குளத்துக் கடைக்காரர் ஒருத்தர் மவனுக்குக் கேட்டாவ. சீசனுக்கு வாரோம், அருவிக்கரையிலயே பொண்ணப் பாத்துக்கிடுதோம்னுட்டாவ.

புளியங்குடியில காலம்பற ஆறு மணி பஸ்ஸு. தென்காசிக்கு இருவத்திமூணு மைலு, முக்கா ரூவா, ஒன்றரை மணி நேரம். சாரலுக்குப் பஸ்ஸு சன்னல் படுதாவ எறக்கிட்டாவ. கோமதிக்கு மூச்சு இளைச்சுது.

"அண்ணாச்சி, ஒரு ஓரம் தூக்கி விடுங்க" ன்னேன்.

"நனைஞ்சிருவீரே வே!" ன்னாரு டிரைவரு.

"குளிக்கத்தான போறோம்."

தென்காசியில இருந்து குத்தாலம் மூணு மைலு, பதினஞ்சு பைசா. வெள்ளனயே போயிருங்க, பத்து மணிக்கு மேல அருவிக்குள்ள தலைய நுழைக்க முடியாது. இளைப்புக்காரங்கள ஆடியில கூட்டிட்டுப் போவாதீங்க. நான் போனேன், வேற வழியில்ல.

கோமதியும் கடைக்காரர் வீட்டுப் பொம்பளையாளுகளும் அந்தப் பக்கம், அவ இளைக்கது இங்கன வரைக்கும் கேக்கு. நானும் கடைக்காரரும் எண்ணெ தேச்சுக்கிட்டு நிக்கோம். என் முதுகுல கருப்பும் வெளுப்புமாத் தழும்பு. பாத்துட்டாரு.

"என்ன வே இது?"

"புலியோட மல்லுக்கட்டுனேன் அண்ணாச்சி. பாவம், புலி செத்துப் போச்சு."

சிரிக்கல. ரெண்டடி தள்ளி நின்னாரு. "குஷ்டமா?"

சிரங்குன்னு சொல்லிருக்கணும்னு சொல்லுத நீ, மச்சான். குஷ்டம்னு ஆலங்குளம் பூராப் பரவுனா கோமதிய எவன் கட்டுவான்? உள்ளதச் சொல்லிட்டேன்.

"பட்டாளத்துல விஷப்பொக டிரம்மு உருட்டுனேன் அண்ணாச்சி. ஒண்ணு மேல இருந்து ஒழுகி முதுகு வெந்து போச்சு. ஒட்டாது."

"ஒட்டாதுன்னா பொண்ணு ஏன் இப்பிடி இளைக்கா?"

மழையில நனைஞ்சுட்டான்னு சொல்லிருக்கலாம். பொய்யிலயே வளந்த வாயி, அன்னைக்குன்னு வரல.

"டிரம்மு ஒழுகி நனைஞ்ச காக்கிச் சட்டையத் தூர வீசச் சொன்னாங்க. துணி நல்லாருக்கேன்னு லீவுல வீட்டுக்குக் கொண்டாந்தேன். எம் பொண்டாட்டி தொவைச்சா. கோமதி அப்ப வயித்துல, அஞ்சு மாசம். அவ கை ரெண்டும் கொப்பளிச்சுட்டு. அன்னைக்குப் பிடிச்ச இருமல், நாலு வருசத்துல ஆளையே கொண்டு போயிட்டு. புள்ளைக்கும் அதனாலதானான்னு தென்காசி டாக்டர்ட்ட கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியல..."

அவரு சாரல்ல நனைஞ்ச வேட்டியப் பிழிஞ்சாரு. பொம்பளையாளுக பக்கம் பாத்து, "ஏட்டி, கெளம்பு" ன்னு வீட்டுக்காரிக்குச் சத்தம் குடுத்தாரு.

"புள்ள மேல தப்பில்ல அண்ணாச்சி, அந்தத் துணிய நாந்தான்..."

அதுக்குள்ள படி ஏறிட்டாரு.