எட்டு சென்டிமீட்டர் காத்தாடி

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: "செத்துப்போச்சு" என்று தூக்கிவரும் மெஷின்களில் பாதி செத்திருக்காது, சூடு தாங்காமல் மயங்கிக் கிடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வயிற்றைக் கழுவிய என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் பின்பாதியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். புரோசசருக்கென்று தனியாகக் காத்தாடி விற்காத காலம் அது. வேண்டுமென்றால் நாமே தேடி, நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். நான் மாட்டினேன்.

விரல் சுட்ட நாள்

ஆறு வருடம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஈயம் பற்றவைத்தவள் நான். ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஆ செங் கடையில் டெலிபோன் எடுக்கச் சேர்ந்தேன். முதலாளி ஆ செங் சீனத் தவ்கேதான். ஆனால் அவர் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். ரிப்பேர் வேலை குமார் அண்ணனுடையது. ஒரு டியூஷன் சென்டரின் மெஷின் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. சுவிட்சைத் தட்டினால் ஓடும், அரை மணி நேரத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும். குமார் அண்ணன் மெமரியை மாற்றினார், டிஸ்க்கை மாற்றினார், கடைசியில் கரண்டைத் திட்டினார். "அண்ணே, சிப்பு சுடுதான்னு பாத்தீங்களா?" என்றேன். "சிப்புக்குக் காய்ச்சலா விமலா?" என்று சிரித்தார். நான் எழுந்து போய் புரோசசர் மேல் விரலை வைத்தேன். கொப்பளம் வந்துவிட்டது.

ஃபேக்டரியில் சூடாகும் பாகங்களுக்கு வெள்ளைப் பசை தடவி அலுமினியம் வைப்போம். அதையே செய்தேன். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரிவரியாக இருக்கும் அலுமினியத்தை அறுத்து, நடுவில் வெள்ளைப் பசையும் நான்கு மூலையில் ஒட்டுப்பசையும் வைத்து, சிப்பின் மேல் உட்காரவைத்தேன். பிறகு காத்தாடி. பார்ட்ஸ் கடையில் மூன்று விதம் இருந்தது. பெரியது லாரி மாதிரி இரைந்தது. நாலு சென்டிமீட்டர்க் குட்டி விசிலடித்தது, காற்றைக் காணோம். எட்டு சென்டிமீட்டர் ஒன்றுதான் சத்தமில்லாமல் ஒழுங்காக ஊதியது. விலையும் பெரியதில் பாதி. காதோரம் வைத்து விரலால் சுற்றிப் பார்த்து, கரகரவென்றதை எல்லாம் ஒதுக்கி ஒன்றை எடுத்தேன். மெஷினுக்குள் சும்மா தொங்கிய மஞ்சள், கறுப்பு ஒயர்களில் அதற்கு கரண்ட் கொடுத்தேன். காலையில் தட்டிய மெஷின் கடை சாத்தும் வரை நிற்கவில்லை. ஆ செங் வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குமார் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "நாளையிலேருந்து டெலிபோனை நீ எடுலா."

ஊதுபத்தி

வக்கீல் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டு முன்னறையில்தான் ஆபீஸ். அங்கேயும் மெஷின் உறைந்து நிற்கிறது என்று போனேன். என்னைப் பார்த்ததும், "கடையில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார். மெஷினின் பெட்டியைத் திறந்தேன். முதுகுப்பக்கம் ஓட்டை போட்டு, காத்தாடியை மாட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து வந்தேன். மறுநாள் காலையில் டெலிபோன். "பிள்ளை, நீர் பூட்டின சாமானால முன்னையைவிட மோசமாய்க் கிடக்கு. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோற பேப்பர் உள்ளுக்கை நிக்குது."

போனேன். எல்லாம் சரியாகத்தான் சுற்றியது. என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. வியர்த்துக் கொட்டியது. அப்போதுதான் சாமி படத்தருகே ஊதுபத்திக் கட்டைப் பார்த்தேன். ஒன்று கேட்டு வாங்கி, கொளுத்தி, மெஷினுக்குப் பின்னால் பிடித்தேன். மெஷினோடு வந்த பழைய காத்தாடி வெளியே தள்ளிய புகை, அரை வட்டம் போட்டுத் திரும்பி, நான் மாட்டிய காத்தாடி வழியாகவே உள்ளே போனது! சூட்டை வெளியே தள்ளி, அதே சூட்டை நானே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது என்று அவரிடமே சொன்னேன். காத்தாடியைக் கழற்றி முன்பக்கம் மாட்டி, பழைய ஓட்டையைத் தகடு வைத்து மூடினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பேப்பர் முழுதும் அச்சாகி வந்தது. வாசல்வரை வந்து சொன்னார்: "பிள்ளை, இனி வேற ஆரும் வந்தால் நான் கேற்றைத் திறக்கமாட்டன்."

ஏழாம் நம்பர் மெஷின்

தனியார் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு மெஷின். அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் கெட்டுப்போய், மாற்றுச் சாமான் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை மூன்று மணி நேரக் கம்ப்யூட்டர் பரீட்சை. நடக்காவிட்டால் அடுத்த வருடம்தான். எழுதப் போவது பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், சான்றிதழ் கையில் வந்தால்தான் ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குமார் அண்ணன் ஓட்டை போட, நான் அலுமினியம் ஒட்டினேன். பன்னிரண்டு காத்தாடியும் சேர்ந்து இரைந்தால் பிள்ளைகளுக்குத் தலைவலி வருமே என்று, சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் கொடுத்தேன்.

திங்களன்று வராந்தாவில் நின்றேன். உள்ளே போகக் கூடாது என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ஏழாம் நம்பரில் காத்தாடி கடகடத்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் தட்டச்சை நிறுத்தவே இல்லை. இடது கையால் பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். சத்தம் அடங்கிவிட்டது. பன்னிரண்டு பேரும் முழுசாக எழுதி முடித்தார்கள். வெளியே வந்தவளிடம் ஓடிப் போய், "எப்படிம்மா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன். சொன்னாள்: "எங்க வீட்டு டிவியும் இப்படித்தாங்க்கா."

நான் பிறந்த தோட்டம்

ஆயர் தாவார் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு. நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. அம்மா அப்போதும் அங்கே உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் வெளியே நின்று சம்பளம் வாங்கும் பக்கத்து ஜன்னல்தான். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேனிலிருந்து இறங்கியதும், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலியா?" என்றார். "நான்தாங்க" என்றேன். பெரிய ஊர்க் கம்பெனி ஆட்கள் இரண்டு தடவை வந்தும் சரியாகாத மெஷினாம். தகரக் கூரைக்குக் கீழே, பகல் பன்னிரண்டு மணி ஆனால் உறைந்துபோகும். திறந்தேன். உள்ளேயிருந்த காத்தாடியில் ஒரு பல்லி காய்ந்து சிக்கியிருந்தது.

பல்லியை எடுத்தேன். சிப்புக்கு அலுமினியம், முன்னால் புதுக் காத்தாடி, அதன் மேல் காற்று தடைபடாத அளவுக்குக் கண் அகலமான கம்பிவலை. மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, மெஷின் ஓடியது. கிராணி டீ வரவழைத்தார். அப்போது பக்கத்து ஜன்னலில் நிழல் தட்டியது. நான் வந்திருக்கிற செய்தி கேட்டு, அம்மா தலையில் கட்டிய துணியோடு வந்து நின்றாள். கிராணி அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மருதாயி, ஒம் மகளா இது? முன்பக்கமா உள்ள வா!" என்று எழுந்தே விட்டார். அம்மா அசையவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பூட்ஸெல்லாம் சேறுங்க கிராணி. அவ வேலய முடிக்கட்டும், நான் இங்கேருந்தே பாத்துக்கிட்டு இருக்கேன்."

இத்தனை மெஷினுக்குக் காற்று வரவைத்த எனக்கு, கடையில் நான் உட்கார்ந்து வேலை பார்த்த மூலைக்கு மட்டும் கடைசி வரை ஒரு காத்தாடி வரவே இல்லை.